"வேலை போய்க்கிட்டிருக்கு சார்" என்று மட்டும் அனுப்பாதீர்கள்

கட்டட வேலையில் இருக்கும் இளம் சைட் இன்ஜினியர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு நீங்கள் அனுப்பும் வாட்ஸ்அப் தகவலும் உங்கள் வேலையில் சேர்ந்ததுதான். கம்பி கட்டுவதைச் சரிபார்க்கும் அக்கறையில் பாதியாவது அதற்கும் வேண்டும்.

பணம் போடுகிறவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். "80% முடிஞ்சுது சார்" என்று ஒரு வரி, கூடவே எந்த அறை என்றே தெரியாத பத்துப் படங்கள். எதில் 80? லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் காங்கிரீட் விட்டம்) வந்தாயிற்றா, கூரை போட்டாயிற்றா? வங்கியில் கடனின் அடுத்த தவணையைக் கேட்க அவருக்குத் தேவை அந்தக் கட்டத்தின் பெயர். சதவீதத்தை வைத்து அவர் என்ன செய்வார்?

அவர் முடிவு சொல்ல வேண்டியது எதுவோ, அது மேலேயே வரட்டும். "சார், வியாழன் காலைல முதல் மாடி ஸ்லாப் காங்கிரீட். ஹாலுக்கு ஃபேன் ஒண்ணா ரெண்டான்னு புதன் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. அப்புறம் மாத்தணும்னா கூரையைக் கொத்தணும்." இப்படி எழுதினால் எவ்வளவு வேலையில் இருப்பவரும் பதில் போடுவார்.

ஸ்லாப் போட்ட பிறகு வரும் நாட்களில்தான் சந்தேகம் வளர்கிறது. சைட்டில் ஆளில்லை, தண்ணீர் மட்டும் கட்டி நிற்கிறது. பார்க்கிறவர் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்றே நினைப்பார். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் என்றால் தாங்கல்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள ஸ்லாபுக்கு அடியில் தாங்கும் முட்டுகள் குறைந்தது 7 நாள், அதற்கு மேற்பட்ட இடைவெளி என்றால் 14 நாள் நிற்க வேண்டும் என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 சொல்கிறது. கலப்பு சிமெண்டுக்கு இன்னும் கூடும். முட்டு பிரிக்கும் தேதியையும் காரணத்தையும் காங்கிரீட் போட்ட அன்றே எழுதிவிடுங்கள். அந்தச் சந்தேகமே வராது.

அடுக்குமாடித் திட்டங்களில் 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி கட்டுநர் காலாண்டுக்கு ஒருமுறை வேலை நிலவரத்தை ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். சொந்த மனையில் தனி வீடு கட்டுகிறவருக்கு அப்படி எதுவும் கிடையாது. உங்கள் செய்தி ஒன்றுதான் அவருக்குக் கண்.

கெட்ட செய்தியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 28-ஆம் நாள் க்யூப் ரிசல்ட் (காங்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் வலிமைச் சோதனை) குறைவாக வந்தால், "சின்னப் பிரச்சினை, பாத்துக்கலாம்" என்று எழுதாதீர்கள். வந்த எண்ணை அன்றைக்கே அப்படியே எழுதுங்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் என்ன சொன்னார், போட்ட காங்கிரீட்டிலிருந்தே துளைத்து கோர் எடுத்துச் சோதிக்கிறோமா, ரிசல்ட் என்றைக்கு வரும், அதுவரை மேல்தள வேலையை நிறுத்தியிருக்கிறோமா என்பதையும் அதிலேயே சேருங்கள். எழுதி அனுப்பிவிட்டு, உடனே ஃபோன் போட்டும் பேசுங்கள்.