யானை ஒன்றா, இரண்டா? எழும்பூர் அருங்காட்சியகத்தை முன்வைத்துச் சில கருத்துகள்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது கட்டடத்தில் தொடங்கிக் கட்டடத்திலேயே முடிந்துவிடுகிறது. ஹென்றி இர்வின் வடிவமைத்த சிவப்புக் கட்டடத்தின் பழுது, காட்சிக்கூடங்களின் வெளிச்சம், குளிர்சாதனம், தொடுதிரை, வண்டி நிறுத்த இடம் என்று பட்டியல் நீளும். இவையெல்லாம் தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1851-இல் தொடங்கப்பட்ட ஓர் அருங்காட்சியகம் வரும் ஆண்டுகளில் என்னென்ன கண்காட்சிகளை நடத்த வேண்டும், அவற்றின் முன்னால் நின்று பார்வையாளரோடு பேசப்போவது யார் என்று நாம் கேட்பதே இல்லை. பேச ஆள் இல்லாத கண்காட்சியைத் திட்டமிடவே கூடாது என்பது என் கருத்து. கண்காட்சித் திட்டமும் விளக்குநர் திட்டமும் ஒரே கோப்பில், ஒரே நாளில் எழுதப்பட வேண்டியவை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஆந்திரத்து அமராவதியின் பௌத்தத் தூபியிலிருந்து இங்கே வந்த சிற்பங்களிலிருந்தே ஓர் உதாரணம் தரலாம். வட்ட வடிவக் கல் ஒன்று அங்கே இருக்கிறது. இடப்பக்கத்தில் மதம் பிடித்த யானை தெருவில் பாய்ந்து வருகிறது. அகப்பட்டவர்கள் அதன் துதிக்கையிலும் காலடியிலும் சிக்கித் தவிக்கிறார்கள், மற்றவர்கள் சிதறி ஓடுகிறார்கள். வலப்பக்கத்தில் ஒரு யானை புத்தரின் முன்னால் மண்டியிட்டுக் கிடக்கிறது. மேலே மாடச் சாளரங்களில் தலைகள் எட்டிப் பார்க்கின்றன. பள்ளிச் சுற்றுலாவில் வரும் பிள்ளைகளைக் கேட்டால் ‘ரெண்டு யானை’ என்பார்கள். பெரியவர்களில் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் அங்கே இருப்பது ஒரே யானை. ராஜகிருகத்தில் புத்தரைக் கொல்வதற்காக ஏவிவிடப்பட்ட நாளாகிரி என்னும் அந்த யானை ஓடிவருவதையும் அடங்கிப் பணிவதையும் சிற்பி ஒரே வட்டத்துக்குள், இடையில் கோடு எதுவும் கிழிக்காமல் செதுக்கியிருக்கிறார். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பு காலத்தைக் கல்லில் ஓடவிடுவதற்குக் கண்டறியப்பட்ட உத்தி அது. ‘எத்தனை யானை இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்’ என்று ஒருவர் கேட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா நின்றால் போதும், பத்து வயதுப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். பெயர்ப்பலகையால் இதைச் செய்ய முடியாது. அது விடையைச் சொல்லும், கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்காது. காதில் மாட்டிக் கேட்கும் ஒலி வழிகாட்டிக்கும் இதே குறைதான்.

செப்புத் திருமேனிகளின் கூடத்திலும் அப்படியே. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரருக்கு வலப்பக்கம் இரண்டு கைகளும் இடப்பக்கம் ஒரே கையும் இருப்பதைக் கவனிக்காமலேயே கடந்து போகிறவர்கள் அதிகம். உற்சவ மூர்த்திகளின் பீடங்களில் துளைகளும் வளையங்களும் இருக்கும். வீதி உலாவுக்குத் தண்டு செருகவும் கட்டவும் அமைத்தவை அவை. அதை ஒருவர் காட்டிக் கொடுத்த பிறகுதான், கண்ணாடிக்குள் அசையாமல் நிற்கும் இந்த உருவம் தெருவில் தோளேறி வந்தது, பட்டும் மாலையும் சாத்தப்பட்டு முகம் மட்டுமே தெரியப் பார்க்கப்பட்டது என்ற உண்மை உறைக்கும். பழைய சென்னைவாசிகள் இந்த வளாகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக்காட்சிச் சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைத்தார்கள். (உயிர் காலேஜும் 1850-களில் இதே வளாகத்தில், அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபரின் முயற்சியில் தொடங்கியதுதான் என்பது இன்னொரு வேடிக்கை.)

இனி கண்காட்சிகளுக்கு வருகிறேன். நிரந்தரக் காட்சிக்கூடங்களை ஒருமுறை பார்த்தவர் மீண்டும் வருவதற்குக் காரணம் வேண்டும். அதற்காக வெளிநாட்டிலிருந்து எதையும் கடன் வாங்க வேண்டிய அவசியம் எழும்பூருக்கு இல்லை; கையிருப்பே போதும். என்னைக் கேட்டால் முதலில் நாகப்பட்டினத்துப் புத்தர்களை எடுத்துக்கொள்வேன். 1856-இலிருந்து பல பத்தாண்டுகளில் நாகப்பட்டினத்தில் ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் மண்ணிலிருந்து வெளிவந்தன. அவற்றில் கணிசமானவை எழும்பூருக்கு வந்தன, மற்றவை உலகின் பல அருங்காட்சியகங்களுக்குச் சிதறின. தென்கிழக்காசியாவின் ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அளித்ததை, லெய்டன் செப்பேடுகள் எனப்படும் சோழர் செப்பேடுகள் சொல்கின்றன. சைவ மன்னன் ஒருவன், கடல் கடந்த அரசன் ஒருவன், வணிகர்கள், துறவிகள், வார்ப்புக் கலைஞர்கள் என்று எத்தனை பேர் அந்தச் சிறிய படிமங்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள்! அதிலும் முக்கியமானது, இந்தப் படிமங்கள் சோழர் காலத்தோடு நின்றுவிடாமல் அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளுக்கும் நீள்கின்றன. பௌத்தம் தமிழகத்தில் எப்போதோ முடிந்துபோனது என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு இது ஒன்றே போதும், இரண்டு மணி நேரம் நின்று பார்ப்பதற்கு.

இரண்டாவதாக, யாரும் கேட்காத ஒரு கண்காட்சியை முன்மொழிகிறேன். செம்பும் வெண்கலமும் மண்ணுக்கடியில் பல நூற்றாண்டுகள் கிடக்கும்போது உப்பு உள்ளே இறங்கிவிடும். வெளியே எடுத்து வைத்த பிறகு காற்றின் ஈரம் பட்டதும் அந்த உப்பு வேலை செய்யத் தொடங்கி, வெளிர்பச்சைப் பொடியாக உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். இதைத் தடுப்பதற்காக எழும்பூரில் 1930-இலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைந்தது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில் படிமங்களைச் சுத்தம் செய்து காப்பாற்றினார். நாம் இன்று வியந்து பார்க்கும் முகங்களில் சில, பச்சைப் படலத்துக்குள்ளிருந்து மீட்டெடுக்கப்பட்டவை. சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்களையும், அந்தக் கருவிகளையும் வைத்து ஒரு சிறிய அறையில் நடத்தினாலே போதும், அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் வகுப்பையே அழைத்து வருவார்கள்.

எழும்பூரில் உள்ள திருவாலங்காட்டு நடராசரைத் தனியாக வைத்து ஒரு கண்காட்சி செய்யலாம் என்பது பழைய யோசனை. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் அந்தத் திருமேனியை நேரில் பார்க்காமல், சென்னையிலிருந்து போன புகைப்படங்களைப் பார்த்தே அதைப் பற்றி எழுதினார். அவர் மறைந்த பிறகு 1921-இல் அது வெளியானது. ஒரு புகைப்படத்தில் அவர் கண்டதை நேரில் நிற்கும் நாம் காண்கிறோமா என்று கேட்பதற்கு நல்ல சந்தர்ப்பம்.

இவற்றையெல்லாம் யார் எடுத்துச் சொல்வது? அரசுப் பணியிடங்களை நிரப்புவது முதற்கடமை, அதில் சமரசம் கூடாது. காப்பாட்சியர்களே நாள் முழுவதும் விளக்கிக்கொண்டிருந்தால் ஆய்வும் பாதுகாப்பும் நின்றுபோகும். ஆகவே பயிற்சி பெற்ற தன்னார்வ விளக்குநர்கள் வேண்டும். இது உலகம் நன்கறிந்த ஏற்பாடுதான். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் 1907-லேயே விளக்குநர்கள் இருந்தார்கள்; பிற்பாடு அங்கேதான் கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பேற்றார். சிங்கப்பூரில் 1978 முதல் அருங்காட்சியக நண்பர்கள் அமைப்பு தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து அனுப்பி வருகிறது.

ஆனால் ‘தன்னார்வம்’ என்றால் ‘இலவசம்’ என்று நம் அலுவலகங்கள் புரிந்துகொள்ளும் என்பதே என் அச்சம். இந்த இடத்தில் சிகாகோவில் நடந்ததை நினைவில் வைப்பது நல்லது. சிகாகோ கலை நிறுவனத்தில் 1961-இல் தொடங்கிய தன்னார்வ விளக்குநர் திட்டத்தைச் சாதாரணமானதாக எண்ண வேண்டாம். ஒன்றரை ஆண்டுக் காலம் வாரம் இருமுறை பயிற்சி, அதன் பிறகும் தொடர்ந்து படிப்பும் எழுத்தும் என்று கடுமையாக நடந்தது. 2021 செப்டம்பரில், எண்பதுக்கும் மேற்பட்டோர் பணியில் இருந்த நிலையில், ஒரு கடிதத்தின் மூலம் அத்திட்டத்தை நிர்வாகம் முடித்துவைத்தது. ஊதியமின்றி வார நாள்களில் பல ஆண்டுகள் உழைக்க வசதியுள்ளவர்களால்தான் முடிகிறது, அதனால் விளக்குநர்கள் பெரும்பாலும் ஒரே வகைப் பின்னணியினராக இருக்கிறார்கள், இனி ஊதியம் பெறும் கல்வியாளர்களை அமர்த்தப் போகிறோம் என்பது நிர்வாகத்தின் நியாயம். பெரும் சர்ச்சை எழுந்தது. நிர்வாகம் கண்ட நோய் சரிதான். கொடுத்த மருந்துதான் தவறு என்று நான் நினைக்கிறேன். பல்லாண்டுக் காலம் படங்களின் முன்னால் நின்று பழகியவர்களின் அனுபவத்தைப் புதியவர்களுக்குக் கைமாற்றும் ஏற்பாட்டைச் செய்த பிறகே பழையதை நிறுத்தியிருக்க வேண்டும்.

நமக்கு இதில் ஒரு வசதி, இனிமேல்தான் தொடங்கப் போகிறோம். சம்பளமில்லா ஏற்பாடாக இது அமைந்தால் மயிலாப்பூர், அடையாறு பகுதிகளின் ஓய்வுபெற்ற அதிகாரிகள் மட்டுமே வருவார்கள். அவர்களும் வரட்டும், நல்லதுதான். ஆனால் வியாசர்பாடியிலிருந்து வரும் அரசுக் கல்லூரி மாணவிக்கு வார இறுதி என்பது பகுதிநேர வேலைக்குப் போகும் நாள். பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் அந்த நாளின் இழப்பை ஈடுகட்டும் தொகையும் தராமல் அவரை அழைப்பதற்கு நமக்கு உரிமையில்லை. தொகையைச் சிறு ‘பரிசாக’ ஆண்டு விழாவில் பொன்னாடையோடு வழங்காமல், மாதந்தோறும் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும்.

ஆள் கிடைப்பார்களா என்று கவலைப்பட வேண்டாம். 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி அருகிலேயே இருக்கிறது. அருங்காட்சியகத்தைவிட ஓராண்டு மூத்தது. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் வார்ப்பு படிக்கும் மாணவர்கள், மெழுகு உருவின் மேல் மண் பூசிச் சுட்டு உலோகத்தை ஊற்றும் முறையைக் கையால் செய்து பார்த்தவர்கள். அவர்கள் சொல்லும் விளக்கத்துக்கு எந்த முனைவர் பட்டமும் ஈடாகாது. சுவாமிமலையிலிருந்து ஒரு ஸ்தபதியை மாதம் ஒருநாள் உரிய மதிப்பூதியத்தோடு அழைக்கலாம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள், ஆனால் அவர்களுக்குத்தான் பயிற்சி அதிகம் தேவைப்படும். நாற்பது நிமிடம் இடைவிடாமல் பேசும் பழக்கத்தை விடுவது எளிதல்ல.

பயிற்சியில் தகவல்களை மனப்பாடம் செய்யவைப்பதைவிட, ஒரே பொருளின் முன்னால் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார வைப்பது மேல். சொல்லக் கூடாதவற்றையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் பெருமைக் கதைகள் காட்சிக்கூடத்துக்குள் நுழையவே கூடாது. ஜெனீவாவில் செர்ன் என்னும் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் 2004-இலிருந்து ஒரு நடராசர் சிலை நிற்பது உண்மை. அதற்காக, பதினோராம் நூற்றாண்டுக் கலைஞருக்கு அணு இயற்பியல் தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்தது உலோகமும் உடலின் சமநிலையும். அதைச் சொன்னாலே ஒரு நாள் போதாது. அதே வேளையில், கண்ணாடிக்கு முன்னால் கைகூப்பி நிற்கும் மூதாட்டியைப் பார்த்து ‘இது கலைப்பொருள்’ என்று திருத்தும் விளக்குநரும் நமக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அமராவதிச் சிற்பங்களுக்கும் செப்புத் திருமேனிகளுக்கும் மட்டும், சனி ஞாயிறுகளில், தமிழில் முதலில், தேவைப்படுவோருக்கு ஆங்கிலத்தில், குழுவுக்குப் பதினைந்து பேருக்கு மிகாமல் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். நாகப்பட்டினக் கண்காட்சியை அந்த ஆண்டின் இறுதிக்கு வைத்துக்கொண்டால், பயிற்சி பெறுவோரே பெயர்ப்பலகைகளின் வரைவைப் படித்து, எங்கே பார்வையாளர் தடுமாறுவார் என்று காப்பாட்சியருக்குச் சொல்ல முடியும். சுற்றுலா வரும் பள்ளிகள் அன்றே ஒரு பதிவேட்டில், பிள்ளைகள் கேட்ட கேள்விகளை மட்டும் எழுதிவிட்டுப் போகட்டும். அடுத்த கண்காட்சியின் தலைப்பை அந்தப் பதிவேட்டிலிருந்து எடுக்கலாம்.