ரோட்டைக் குறை சொல்லாதீங்க, டெண்டரைப் படிங்க

பேட்டரியில ஓடுத குப்பை வண்டிங்க துருப்பிடிச்சு வரிசையா நிக்குத போட்டோவை எல்லாரும் பார்த்தாச்சு. போட்டோவுக்குக் கீழ போட்ட விளக்கத்தையும் படிச்சாச்சு: "நம்ம ஊர் ரோட்டுக்கும் வெயிலுக்கும் பேட்டரி வண்டி சரிப்படாது." எந்த உள்ளாட்சின்னு சொல்லப் போறதில்ல. வண்டியைச் சாக விட்டுட்டு வெயில் மேல கேஸ் போடுததைத்தான் பொறுக்க முடியல.

அந்த வண்டியைக் கொன்னது டெண்டர் பேப்பர்.

12 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரி கொள்ளளவு) லெட்-ஆசிட் பேட்டரி, அதான் ஈயத்தகடும் ஆசிட்டும் உள்ள பழைய வகை, நாலைக் கோத்தா 48 வோல்ட். காகிதத்துல 4.8 யூனிட். ஆனா அந்த 100, இருபது மணி நேரம் 5 ஆம்பியரா மெதுவா எடுத்தாத்தான். குப்பை வண்டி வீட்டுக்கு வீடு நின்னு கிளம்பும், கிளம்பும்போதெல்லாம் கரண்டை அள்ளும். 50 ஆம்பியர் இழுத்தா 60 ஏஎச் கிடைச்சாலே பெரிசு. அதையும் ஒட்டத் துடைச்சுட்டு ராத்திரி சார்ஜ் போடாம விட்டா தகட்டுல சல்பேட் படியும். நாலுல ஒண்ணு சொத்தையானா மொத்த வண்டியும் படுக்கும். அதை மட்டும் புதுசா மாத்துனா பழைய மூணும் சேர்ந்து புதுசையும் கெடுக்கும். டிஸ்டில்டு வாட்டர் ஊத்த ஆள் போடச் சொல்லி டெண்டர்ல ஒரு வரி இல்ல.

வெயிலும் காரணம்தான். 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட்-ஆசிட் ஆயுசு ஏறக்குறைய பாதியாகும். சரி, பாளையங்கோட்டைக்கு அக்னி நட்சத்திரம் இந்த வருஷம்தான் வந்துச்சா?

"சட்டப்படி குறைஞ்ச விலைக்குத்தான் கொடுக்கணும்"னு உடனே வருவீங்க. தமிழ்நாட்டோட 1998-ஆம் வருஷத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைத் திறந்து பாருங்க. டெண்டர்ல எழுதியிருக்க, அளந்து பார்க்கக்கூடிய அம்சங்களுக்கு எடை போட்டுத்தான் குறைஞ்ச விலையைக் கணக்கிடணும். அஞ்சு வருஷ பேட்டரி மாத்துச் செலவு, ஒரு சார்ஜுல எத்தனை தெரு, ரிப்பேருக்கு எத்தனை மணி நேரத்துல ஆள் வரணும், இதெல்லாம் அளக்க முடியாததா? எழுதல, அவ்வளவுதான்.

எழுதுன வரி வேற. மூணு வருஷ டர்ன் ஓவர் இத்தனை கோடி, இதே மாதிரி இத்தனை வண்டி முன்னாடி சப்ளை பண்ணியிருக்கணும். அந்த ஒரு வரியில நம்ம திருநெல்வேலி பேட்டை ரோட்டுப் பட்டறை மொத்தமும் வெளிய. வெளியூர்ல இருந்து வந்த வண்டி படுத்தா, மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுத கன்ட்ரோலரைக் கழட்ட வெளியூர் மெக்கானிக்குக்குத் தவம் கிடக்கணும்.

நம்ம பையன்களுக்கு என்ன தெரியும்னு கேக்கறவங்களுக்கு: லெட்-ஆசிட்டுக்குப் பதிலா 3.2 வோல்ட் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் 16-ஐ கோத்தா 51.2 வோல்ட், முழு சார்ஜுல 58.4. பழைய லெட்-ஆசிட் சார்ஜரை அதுல மாட்டக் கூடாது, எல்லா செல்லையும் சமன் பண்ணுதேன்னு வோல்ட்டை ஏத்தி, பேட்டரியைக் காவல் காக்குத பிஎம்எஸ் சர்க்யூட்டைத் தூக்கிரும். பழைய மீட்டரையும் நம்பக் கூடாது. எல்எஃப்பி வோல்ட் கடைசி வரை இறங்காது, மீட்டர் ஃபுல்னு காட்டும், வண்டி நடுத்தெருவுல நிக்கும். இது பட்டறையில தெரியும். டெண்டர் எழுதுன மேசையில தெரியல.

"தீப்பிடிச்சா?" இது நியாயமான கேள்வி. 2022 டிசம்பர்ல இருந்து மின்வண்டி பேட்டரி பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156 விதி கடுமையாச்சு, ஆகட்டும். பேட்டரி பேக்கை அங்கீகாரம் வாங்குன கம்பெனிகிட்டயே வாங்குங்க. மாட்டுதது, பராமரிப்பு, சார்ஜர் வேலையை ஊர்க்காரன்கிட்ட கொடுங்க. டெஸ்ட் செலவு சின்னப் பட்டறைக்குத் தாங்காதுன்னா உள்ளாட்சியும் பங்கு போடட்டும். அதுக்கு மேல இதுல பேச எனக்குப் பொறுமை இல்ல.

2023 மாநில மின்வாகனக் கொள்கையில ஆறு மின்வாகன நகரங்கள்ல திருநெல்வேலியும் ஒண்ணு. படிச்சப்போ சந்தோஷமா இருந்துச்சு, பொய் சொல்லல. 2025 ஆகஸ்ட்ல தூத்துக்குடியில வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்டோட மின்கார் ஆலையும் திறந்தாச்சு, வேலை வருது, நல்லது. ஆனா அது வியட்நாம்ல யோசிச்ச வண்டி. குறுக்குத்துறையில குப்பை அள்ளுத வண்டியை யார் யோசிக்கப் போறா? முதல் பத்து வண்டியை வாங்கி, கெட்டுப்போனதைச் சொல்லி, திருத்தச் சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆளா நிக்க வேண்டியது உள்ளாட்சிதான். அது கையை விரிச்சுட்டு, "நம்ம ஊருக்குச் சரிப்படாது"ன்னு நம்மளையே சொல்லுது.

அந்த வண்டியெல்லாம் ஏலத்துக்குப் போகுதாம். அதுக்கு முன்னாடி நாலு பேட்டரியையும் தனித்தனியா லோடு டெஸ்ட் (கரண்டை இழுத்துத் தாங்குதான்னு பார்க்குதது) போட்டுப் பாருங்க அண்ணாச்சி. மோட்டாரும் சேஸும் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும்.