எந்த ஊர் ரூம் டெம்பரேச்சர்?

"வெண்ணெயை ஒரு மணி நேரம் வெளியே வைங்க, ரூம் டெம்பரேச்சருக்கு வரட்டும்"னு தமிழ் பேக்கிங் வீடியோவுல சொல்றாங்க. எந்த ரூம்? யார் வீட்டு ரூம்? மதுரையில மே மாசம் மத்தியானம் என் அடுப்படி 36 டிகிரியில கொதிக்குது. இங்க ஒரு மணி நேரம் வச்சா வெண்ணெய் இளகாதுங்க, உருகிக் கிண்ணத்துல எண்ணெயா நிக்கும்!

மக பொறந்தநாளுக்குச் சாக்லேட் மின்ட் சாண்ட்விச் பிஸ்கட் கேட்டா. கடையில வாங்க வேண்டாம், நீயே பண்ணும்மான்னு ஆசையா கேட்டா. தமிழ்ல ஒரு ரெசிபி வீடியோவை நாலு தடவை பார்த்து, வரிக்கு வரி எழுதி வச்சு, அதுல சொன்ன மாதிரியே பண்ணினேன். ட்ரே உள்ள போன ஆறாவது நிமிஷம் பன்னெண்டு பிஸ்கட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே தகடா கிடக்கு. வெண்ணெயும் கோகோவும் மட்டுமே 400 ரூபாய்க்கு மேல. அவ பக்கத்துல நின்னு பார்த்துட்டே இருந்தா.

அவங்க சொல்ற ரூம் குளிர் நாட்டு வீட்டு ரூம், 18லிருந்து 21 டிகிரி. அந்தச் சூட்டுல வெண்ணெய் மெழுகு மாதிரி வளையும், சர்க்கரையோட சேர்த்து அடிச்சா காத்தைப் பிடிச்சு வச்சுக்கும். 30ஐத் தாண்டிப் போகப் போக அந்தப் பதம் போயிடும். எவ்வளவு அடிச்சாலும் காத்து நிக்காது, மாவு வழியும். நம்ம ஊர்ல ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து, துண்டு துண்டா வெட்டி, வெளியே பத்தே நிமிஷம். விரலால அமுக்கினா குழி விழணும், மேல மினுமினுப்பு வரக்கூடாது. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? அந்த நாட்டு ரெசிபியை அப்படியே தமிழ்ல வாசிச்சுட்டுப் போறாங்க. தன் வீட்டு அடுப்படியில ஒரு தடவை பண்ணிப் பார்த்திருந்தா இந்த வரி வாயில வருமா?

அப்புறம் இந்தக் கப். அமெரிக்கக் கப் 237 மில்லி. இங்க கடையில விக்கிற கப் சிலது 240, சிலது 250. அதை விடுங்க, அதே கப்புல மைதாவை ஸ்பூனால அள்ளிப் போட்டா 120 கிராம், டப்பாவுக்குள்ள விட்டு அமுக்கி எடுத்தா 150 கிராம். ரெண்டு கப்புக்கு 60 கிராம் வித்தியாசம்! ஒருத்தருக்கு ஓடிப் பரவும், இன்னொருத்தருக்குப் புட்டு மாவா உதிரும். வீடியோ போட்டவங்ககிட்ட கிராம்ல சொல்லுங்கன்னு கேட்டதுக்கு, "நம்ம அம்மாங்க எல்லாம் தராசா வச்சிருந்தாங்க? கண் அளவுதான் சிஸ்டர்"னு பதில். எங்க அம்மா முறுக்குக்கு நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து போடுவாங்க. எந்தப் பாத்திரத்துல அளந்தாலும் அது நாலுக்கு ஒண்ணுதான், தப்பாது. இங்க அப்படியா? மைதா கப்புல, வெண்ணெய் "ஒரு ஸ்டிக்", சோடா டீஸ்பூன்ல. ஸ்டிக்னா 113 கிராம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்களா? அம்மா கைப்பக்குவத்தை இழுத்து வச்சு தன் சோம்பேறித்தனத்தை மறைக்காதீங்க.

இன்னொண்ணு கேளுங்க. "பொன்னிறமா வந்ததும் வெளியே எடுக்கவும்." ஐயா, இது கோகோ போட்ட மாவு! உள்ள போகும்போதே கரும்பழுப்பு. எங்க இருந்து பொன்னிறம் வரும்? வெண்ணெய் பிஸ்கட்டுக்கு எழுதினதை வெட்டி இங்க ஒட்டியிருக்காங்க. இந்த பிஸ்கட்டை மணி பார்த்துத்தான் எடுக்கணும். 175 டிகிரி, அஞ்சு மில்லிமீட்டர் கனத்துக்கு வெட்டினா ஒன்பது, பத்து நிமிஷம். எடுக்கும்போது நடுவுல மெத்துனுதான் இருக்கும், ஆறினாத்தான் மொறுமொறுப்பு. பொன்னிறத்துக்குக் காத்திருந்தா கரிதான்.

கோகோவும் இதே கதை. கோகோ டப்பாவில, சேர்த்த பொருள் பட்டியல்ல 501னு போட்டிருந்தா அது ஆல்கலி சேர்த்த கோகோ, புளிப்பு கிடையாது. சமையல் சோடா பொங்கப் புளிப்பு வேணும். வெறும் சோடாவை அதுல போட்டா சரியா வேலை செய்யாது, சோப்பு வாடைதான் மிஞ்சும். யாரும் சொல்றதில்லை.

எனக்கு வயிறு எரியுறது புதினாவுலதான். "மின்ட் எசென்ஸ் ஒரு டீஸ்பூன்." கடையில கேட்டேன். அவர்கிட்ட இருந்தது பெப்பர்மின்ட் ஆயில். "எல்லாம் ஒண்ணுதாம்மா, கொண்டு போங்க." ஒண்ணு இல்லைங்க! ஆல்கஹால்ல கரைச்ச எக்ஸ்ட்ராக்டுக்குத்தான் டீஸ்பூன் கணக்கு, எண்ணெய்க்குச் சொட்டுக் கணக்கு. ஒரு கிண்ணம் க்ரீமுக்கு ரெண்டு சொட்டு போதும். நான் ஒரு டீஸ்பூன் ஊத்தினேன். மக நக்கிப் பார்த்துட்டு, "பல்லு விளக்குற பேஸ்ட்டும்மா"ன்னு துப்பிட்டா. கிண்ணத்தோட கொட்டினேன். இன்னொரு வீடியோவில புதினா இலையை அரைச்சு ஊத்தச் சொல்றாங்க. சமையல் புதினா வேற செடிங்க. அதுல வாசனை உண்டு, நாக்குல ஜில்லுனு பிடிக்கிற மெந்தால் அவ்வளவா கிடையாது. அரைச்ச தண்ணி வெண்ணெய் க்ரீமைத் திரிச்சும் விட்டுடும். பிரியாணி வாசத்துல சாக்லேட் பிஸ்கட்டைக் குழந்தை எப்படித் தின்னும்? மெந்தால் புதினா எண்ணெய் உலகத்துலயே அதிகமா எடுக்கிறது இந்தியாவுலதான், உத்தரப் பிரதேசத்துல பாராபங்கிப் பக்கம் ஏக்கர் ஏக்கராப் பயிர் பண்றாங்க. அந்த நாட்டுல, மதுரை மாதிரி ஊர்ல, உணவுக்கான நல்ல பெப்பர்மின்ட் எக்ஸ்ட்ராக்ட் சின்னக் குப்பி ஒண்ணுக்கு நான் அஞ்சு கடை ஏறி இறங்கினேன்.

கடைசியில தராசு வாங்கிட்டேன். மைதா 150, கோகோ 45, வெண்ணெய் 115, பொடிச்ச சர்க்கரை 120, ஒரு முட்டை. உருட்டி ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மணி நேரம் இறுக வச்சு வெட்டினேன். நடுவுல வைக்க 60 கிராம் வெண்ணெய், 130 கிராம் ஐசிங் சுகர், ரெண்டு சொட்டு பெப்பர்மின்ட் எண்ணெய். இந்த வெயில்ல அந்த க்ரீம் மேசையில நிக்காது, ஒட்டினதும் திரும்ப ஃப்ரிட்ஜுக்குள்ள போகணும். இதையும் நானேதான் கண்டுபிடிச்சேன்.

நாலாவது தடவை சரியா வந்துச்சு. அப்போ அவ பொறந்தநாள் முடிஞ்சு ஒன்பது நாள் ஆகியிருந்துச்சு.