கிண்டல்னு சொல்லிட்டுத்தான் கிண்டல் பண்ணணுமா?

மீட்டிங்குக்கு நாற்பது நிமிடம் தாமதமாக வந்த சக ஊழியரிடம், "அடடா, இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்களே!" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மனிதர் முகம் மலர்ந்து நன்றி சொல்கிறார்! "இன்னைக்கு டிராஃபிக் கம்மி" என்று விளக்கம் வேறு.

தமிழில் இந்தப் பாடே கிடையாது. நேற்றுவரை வாடா போடா என்றவனிடம் "வாங்க சார், இப்பதான் விடிஞ்சுதா?" என்றால் போதும், அந்த 'ங்க'விலேயே அடி விழுந்துவிடும். மரியாதைதான் ஊசி. ஆங்கிலத்தில் இருப்பதோ ஒரே ஒரு 'யூ'. அதை வைத்துக்கொண்டு எங்கே குத்துவது?

சரி, அதுவாவது வேற்று மொழி. ஒரே மொழிக்குள்ளும் இதே கூத்துதான். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'நல்லா'வை இழுத்தால் அது திட்டு. வேறு வட்டாரத் தோழி ஒருத்தி எதையுமே இழுத்துத்தான் பேசுவாள். நான் எழுதியதைப் படித்துவிட்டு "நல்ல்லாஆ இருக்கே" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பாவம், நிஜமாகவே பாராட்டியிருக்கிறாள்.

எழுத்தில் இன்னும் மோசம். 1899-இல் அல்காந்தர் த பிராம் என்ற பிரெஞ்சுக் கவிஞர் கிண்டலுக்கென்றே ஒரு நிறுத்தக்குறி கொண்டுவந்தார், எடுபடவில்லை. 1982-இல் ஸ்காட் ஃபால்மன் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர், வேடிக்கைப் பேச்சுக்கு அடையாளமாகப் படுத்துக்கிடக்கும் சிரிப்பு முகத்தை, அதாவது :-) என்பதைக் கொடுத்தார். இப்போது அந்த முகத்தையே நக்கலுக்குப் போடுகிறார்கள்.

இன்று அதே ஊழியர் மறுபடியும் தாமதம். உள்ளே வந்ததும், "இன்னைக்கும் சீக்கிரம்தானே?" என்கிறார். கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாரா?