அலுவலகப் பக்கத்தில் கட்சி அரசியல் வேண்டாம், தயவுசெய்து

ரொம்ப நாளாக மனதில் கிடந்து உறுத்துகிற விஷயம், இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் நீலகிரி மலையில் இருக்கிற ஓர் அரசு அலுவலகத்தின் முகநூல் பக்கம். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. போன ஐப்பசியில் விடாமல் மழை பிடித்திருந்த ஒரு ராத்திரி, மரம் விழுந்து சாலை அடைத்திருக்கிறது என்று அதில் ஓர் அறிவிப்பு வந்தது. அதற்கு அடுத்ததாக ஒரு கட்சித் தலைவரைக் கேவலப்படுத்தும் மீம். அதற்கும் அடுத்து மின்தடை அறிவிப்பு. மீம் ராத்திரி பத்தரைக்கு ஏறியது, காலையில்தான் எடுத்தார்கள். அதற்குள் கீழே ஒரே சண்டை, வசவு. எந்த ஏரியாவுக்குக் கரண்ட் எப்போது வரும் என்று ஒரு பெண் கேட்டிருந்தார், அந்தக் கூச்சலில் அவருக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை.

எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒருவர் பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். கழுவிய கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவார். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். மீமில் இருந்தது அவருடைய தலைவர். அன்றைக்கே அந்தப் பக்கத்தை விட்டு விலகிவிட்டார். இரண்டு நாள் கழித்து கோத்தகிரி – மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தது. அறிவிப்பு சரியாகத்தான் வந்தது, ராத்திரி ஒரு மணிக்கே வந்தது, ஆனால் இவர் கண்ணில் படவில்லை. கொட்டுகிற மழையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில், மேலே எந்தப் பாறை உருளுமோ என்று விடியும் வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். "கட்சிக்காரன் பக்கம்னு நெனச்சு வெளியே வந்துட்டேன் டீச்சரம்மா" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இங்கே அப்படி இல்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். அப்போது கையில் இப்படிப்பட்ட போன் கிடையாது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது செய்தி கைக்குக் கை பறந்தது. குன்னூர் பாதை அடைத்தால் கோத்தகிரி வழி, மலை ரயில் ரத்து, பள்ளி விடுமுறை, தேயிலைத் தோட்டத்துக்குள் யானைக் கூட்டம், குடியிருப்புக்குள் கரடி என்று எல்லாமே இன்று அலுவலகப் பக்கங்கள் வழியாகத்தான் வருகிறது. அதை எல்லாக் கட்சிக்காரனும் நம்ப வேண்டும். பாதிப் பேர் நம்பாத பக்கத்தில் வருகிற எச்சரிக்கை பாதிப் பேருக்குப் போய்ச் சேராது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளி ஆசிரியை. தேர்தல் பணிக்குப் போகாத தேர்தல் இல்லை. கீழ்கோத்தகிரி பக்கம் ஓர் இருளர் கிராமத்து வாக்குச்சாவடியில் ஒரு பாட்டி, விரலில் மை வைத்து முடித்த பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு "நீயே சொல்லு டீச்சர், எதுல போடட்டும்?" என்று கேட்டார். அவர் பேரன் பேத்திகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான், எது சொன்னாலும் கேட்டிருப்பார். ஏஜென்ட்டுகள் எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். கண் கூட எந்தப் பக்கமும் போய்விடக் கூடாது என்று குனிந்து பதிவேட்டைப் பார்த்தபடி, "அது உங்க முடிவுதான் பாட்டி, உள்ளே போய் உங்களுக்குப் பிடிச்சதுல அமுக்குங்க" என்றேன். எனக்கும் கட்சி உண்டு, கோபம் உண்டு, வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரோடு மணிக்கணக்காக அரசியல் பேசியிருக்கிறேன். அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நேரத்தில் மட்டும் அது எனக்கு இல்லை. அலுவலகப் பக்கமும் அந்த மேஜை மாதிரிதான் என்று நினைக்கிறேன்.

இதில் என்னை அதிகம் வருத்தியது வேறு. அந்த மீமைப் போட்ட பையன் என் பழைய மாணவன். ஒப்பந்தப் பணியாள். அலுவலகப் பக்கத்தை அவனுடைய சொந்த போனில்தான் ஏற்றி வைத்திருந்தார்கள், தனி போன் கொடுக்கவில்லை. என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனை நீட்டிக் காட்டினான். மேலே ஓரத்தில் பொட்டு அளவு ஒரு வட்டப் படம், அதில் அவன் முகம் இருந்தால் அவன் கணக்கு, அரசு முத்திரை இருந்தால் அலுவலகக் கணக்கு. "தூக்கக் கலக்கத்துல என் பக்கம்னு நெனச்சு போட்டுட்டேன் டீச்சர்." வேலை போய்விட்டது.

அவன் செய்தது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே பக்கத்தில் மாசக்கணக்கில் இன்னொரு கட்சியைப் புகழ்ந்து போட்டு வந்தார்களே, அதை யார் கேட்டது? ஒரு திட்டம் வந்திருக்கிறது, இந்தத் தேதிக்குள் விண்ணப்பம் கொடுங்கள் என்று சொல்வது அலுவலக வேலை. இந்தத் தலைவர் இல்லாவிட்டால் நமக்கு விடிவே இல்லை என்று எழுதுவது கட்சி வேலை. அதை மேலே இருக்கிறவர் சொல்லி, கீழே இருக்கிறவன் போட்டான். திட்டினால் விதிமீறல், புகழ்ந்தால் விசுவாசம் என்று இரண்டு தராசு வைத்திருக்கிற வரை இந்தப் பையன்கள் மட்டும்தான் மாட்டுவார்கள்.

விதி ஒன்றும் புதிது கிடையாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973-லேயே வந்தவை. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964 விதிகள். யாருக்கு ஓட்டுப் போட்டேன், போடப் போகிறேன் என்று காட்டிக்கொள்ளக் கூடாது, உடம்பிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னம் வைக்கக் கூடாது என்கிற அளவுக்கு அதில் இருக்கிறது. தேர்தல் தேதி அறிவித்ததும் அலுவலகச் சுவரில் இருக்கிற படத்தைக் கழற்றுவோம், கல்வெட்டில் இருக்கிற பெயர் மேல் மைதா பசை தடவிக் காகிதம் ஒட்டுவோம். நானே ஒட்டியிருக்கிறேன், பசை காய்ந்து நகத்தில் இரண்டு நாள் நிற்கும். கல்லில் இருக்கிற பெயருக்கு இவ்வளவு பாடுபட்ட நாம், ஆயிரக்கணக்கானோர் கையில் திறக்கிற பக்கத்தை எப்படி இவ்வளவு அசட்டையாக விட்டோம்?

அதற்காக அரசு ஊழியர் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டைதான். அரசுப் பணியில் சேர்ந்ததால் அடிப்படை உரிமை போய்விடாது என்று 1962-லேயே காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020 ஜனவரியில் திரிபுரா உயர் நீதிமன்றமும், முகநூல் பதிவுக்காக நடவடிக்கைக்கு ஆளான ஓர் ஊழியர் வழக்கில், நடத்தை விதிகளின் வரம்புக்குள் தன் கருத்தைச் சொல்ல அரசு ஊழியருக்கும் உரிமை உண்டு என்றது. ஆக, உங்கள் சொந்தக் கணக்கில், உங்கள் பெயரில், விதி தாண்டாமல் பேசுங்கள். சம்பளக் குறையையும் பேசுங்கள், கொள்கையையும் பேசுங்கள். பதவிப் பெயரையும் அரசு முத்திரையையும் அங்கே கொண்டுவராதீர்கள், அவ்வளவுதான்.

அலுவலகங்களுக்கு நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமும் இல்லை. பக்கத்துக்கென்று ஒரு தனி போன் வாங்குங்கள். மாற்றலில் ஆள் போனால் அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுங்கள், பழைய ஆள் வீட்டிலிருந்து பதிவு போடுகிற கூத்தெல்லாம் நடக்கிறது. தவறி ஏதாவது ஏறிவிட்டால் சத்தமில்லாமல் அழித்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்காதீர்கள், "தவறு நடந்தது, நீக்கிவிட்டோம், வருந்துகிறோம்" என்று அதே பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் அலுவலகம் அப்படி ஒரு வரி எழுதியிருந்தால் அந்த பிக்கப்காரர் திரும்பி வந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்புறம், புகழ்ச்சிப் பதிவு போடச் சொன்ன அதிகாரிக்கும் ஒரு மெமோ கொடுங்கள்.

நேற்றும் சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒன்பது மணிக்கு அவர் போன் செய்தார். "டீச்சரம்மா, ரோடு எப்படி இருக்குன்னு அந்தப் பக்கத்துல கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க, நான் அதுக்குள்ளே போகமாட்டேன்." பார்த்துச் சொன்னேன்.