ஒட்டுநாடாத் துண்டு ஒன்றுக்கு நேரமில்லையா?

நாய் சொறிந்தால் ஊசி போடு. ஊசியின் வேகம் தணிந்து மறுபடியும் சொறிந்தால் மறுபடியும் ஊசி போடு. வடசென்னையில் தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரையிலும், மேற்கே வியாசர்பாடி, கொடுங்கையூர் வரையிலும் நாய் வளர்க்கும் யாரைக் கேட்டாலும், தோல் நோய்க்கு வைத்தியம் என்று அவர்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. எங்கள் வீட்டு நாய் ஜூலி, அக்குளும் தொடையிடுக்கும் கறுத்துத் தடித்து, கால்விரல்களின் நடுவே நக்கி நக்கி மயிரெல்லாம் செம்பழுப்பு நிறமாகி, காதுக்குள்ளிருந்து கெட்டுப்போன எண்ணெயின் வாடை வீச, இரவு முழுவதும் தூங்காமல் ஒரு மழைக்காலத்தைக் கழித்ததற்குக் காரணம் நோய் மட்டுமல்ல. அந்த நோயைப் பார்க்க மறுத்த அவசரமும்தான்.

பார்ப்பதற்கு ஆகும் செலவு என்ன? ஒரு துண்டு ஒட்டுநாடா. அதைத் தோலின் மேல் அழுத்தி எடுத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் வைத்தால், மலசீசியா என்னும் பூஞ்சை இருக்கிறதா இல்லையா என்பது நோயாளி மேசையை விட்டு இறங்குவதற்குள் தெரிந்துவிடும். ஒரு முனை பெருத்தும் மறுமுனை சிறுத்தும் ஈர மணலில் பதிந்த காலடித் தடம் போல அது தென்படும். ஒருமுறை பார்த்தவர்களுக்குப் பிறகு சந்தேகமே வராது. காதுக்கு ஒரு பஞ்சுக்குச்சி போதும். நாங்கள் வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த மருத்துவமனையில் நுண்ணோக்கி இல்லாமல் இல்லை; அதன் மேல் போர்த்தியிருந்த உறையைத்தான் யாரும் விலக்கவில்லை. பரிசோதனை செய்யலாமா என்று நான் கேட்டபோது, 'பார்த்தாலே தெரிகிறதே' என்று பதில் வந்தது. பார்த்தால் தெரியாது. பூஞ்சையும் பாக்டீரியாவும் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் சொறிப்பூச்சியும் ஒவ்வாமையும் வெறும் கண்ணுக்கு ஒன்றைப்போலவே தோன்றும். பல சமயங்களில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். அதனால்தான் நுண்ணோக்கி என்ற ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பூஞ்சை வெளியிலிருந்து படையெடுத்து வருவதும் அல்ல. ஆரோக்கியமான நாயின் தோலிலும் காதிலும் அது கொஞ்சமாக எப்போதும் வாழ்கிறது. தோலின் காப்பு எங்கே பலவீனப்படுகிறதோ, எங்கே எண்ணெய்ப் பசையும் ஈரமும் கூடுகின்றனவோ, அங்கே அது பெருகுகிறது. அப்படிப் பலவீனப்படுத்துவது பெரும்பாலும் ஒவ்வாமை. சில நாய்களுக்குத் தைராய்டு குறைபாடோ, அட்ரினல் சுரப்பியின் கோளாறோ காரணமாக இருக்கும். கடலை ஒட்டிய இந்தப் பகுதியின் புழுக்கமும், ஐப்பசி கார்த்திகையில் காயாத தரையும் அதற்கு வாய்ப்பாக அமைகின்றன. ஆகவே பூஞ்சையைக் குறைப்பது பாதி வேலை. அது ஏன் பெருகியது என்று தேடுவது மீதிப் பாதி. அந்த இரண்டாவது பாதியைப் பற்றி ஒரு வார்த்தைகூட எங்களிடம் அப்போது யாரும் சொல்லவில்லை.

அந்த ஊசியில் இருந்தது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வாமையால் துடிக்கும் நாய்க்குத் தகுந்த அளவில், குறுகிய காலத்துக்கு, காரணம் அறிந்து மருத்துவர் கொடுப்பது நல்ல வைத்தியம். எதையும் சோதிக்காமல், பூஞ்சை மண்டிக் கிடக்கும் தோலுக்கு அதைத் திரும்பத் திரும்பச் செலுத்துவதைத்தான் சொல்கிறேன். ஊசி போட்டவுடன் அரிப்பு அடங்குகிறது, வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், ஆனால் எதிர்ப்பாற்றல் தணிந்த தோலில் தொற்று தன் வேலையைத் தொடர்கிறது. மாதக்கணக்கில் இதுவே நடந்தால் நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், வீடெங்கும் சிறுநீர் கழிக்கும், வயிறு தொங்கும், தோல் மெலியும். 'வயசாயிடுச்சு, அதான்' என்று அதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்.

மருந்துக் கடைகள் செய்வது இன்னும் மோசம். நாய்க்குப் படை என்று சொன்னால் போதும், மனிதர்களுக்கான களிம்பு ஒன்றை, வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் பாக்டீரியா மருந்தும் ஒன்றாகக் கலந்ததை, சீட்டுக் கேட்காமலேயே எடுத்து நீட்டுகிறார்கள். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி செய்தாயிற்று. மனிதர்களின் தோலையே அது கெடுக்கிறது என்று தோல் மருத்துவர்கள் கதறிக்கொண்டிருக்கையில், பூசிய மறுநொடியே முழுவதையும் நக்கி விழுங்கிவிடும் ஒரு பிராணிக்கு அதைக் கொடுத்தனுப்ப எப்படி மனம் வருகிறது? மண்ணெண்ணெய் தடவு, பழைய என்ஜின் ஆயில் பூசு, கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் ஊற்று என்று தெருவில் இலவசமாகக் கிடைக்கும் யோசனைகளைப் பற்றிப் பேசக்கூட எனக்கு விருப்பமில்லை. அவை தோலை வேகவைக்கும், உடலுக்குள் போனால் நஞ்சாகும்.

சரியான வைத்தியம் என்று ஒன்று தெளிவாக இருக்கிறது. கிருமிகளைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் 2 சதவீதமும் பூஞ்சையைக் கொல்லும் மைகோனசோல் 2 சதவீதமும் சேர்ந்த ஷாம்பு, வாரத்துக்கு இரண்டு முறை, குறைந்தது மூன்று வாரம். நுரை தோலின் மேல் 10 நிமிடம் இருக்க வேண்டும். மருந்து வேலை செய்வது அந்த 10 நிமிடத்தில்தான். ஆனால் குளிப்பாட்டுவதற்குப் பணம் வாங்கும் கடையில், நான் எதிரே நின்று சொல்லியும், தேய்த்த கையோடு தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டார்கள். அடுத்த நாய் காத்திருக்கிறதாம். மெட்ரோ வாட்டர் லாரி வந்தால்தான் தண்ணீர் என்றிருக்கும் எங்கள் தெருவில், குடத்தில் சேர்த்து வைத்த தண்ணீரில் வீட்டிலேயே குளிப்பாட்டும் நாங்கள், கடிகாரத்தைப் பார்த்தபடி அந்த 10 நிமிடமும் ஜூலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். காசு வாங்குகிறவர்களால் ஏன் முடியவில்லை? குளித்த பிறகு விரலிடுக்கையும் மடிப்புகளையும் ஈரமில்லாமல் துடைப்பதும் சிகிச்சையின் பகுதிதான். அதையும் அவர்கள் செய்யவில்லை.

மாத்திரையிலும் இதே அலட்சியம். தொற்று பரவலாக இருந்தால் கீட்டோகோனசோல் அல்லது இட்ராகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மாத்திரை கொடுப்பார்கள். நாயின் எடையை நிறுத்து அளவு தீர்மானிக்க வேண்டும், உணவோடு கொடுக்க வேண்டும், வாந்தி எடுக்கிறதா, சாப்பாடு குறைகிறதா என்று கவனிக்க வேண்டும், ஈரலின் நிலையை இரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். 'ஒரு பத்து கிலோ இருக்கும்' என்று கண்ணால் எடை போடுவது வைத்தியம் ஆகாது. இதைவிட என்னைக் கொதிக்க வைப்பது வேறொன்று: உண்ணிக்கு என்று இங்கே தாராளமாகப் போடப்படும் ஐவர்மெக்டினும் கீட்டோகோனசோலும் ஒரே நேரத்தில் உடலில் இருந்தால், ஐவர்மெக்டின் மூளைக்குள் அதிகமாகப் போய்த் தள்ளாட்டமும் நடுக்கமும் வரக்கூடும். ஆகவே உண்ணிக்கு ஊசி போடும் இடத்தில், நாய் வேறென்ன மருந்து சாப்பிடுகிறது என்று கேட்பது கட்டாயம். எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நானே சொன்ன பிறகுதான் எடுத்த ஊசியைக் கீழே வைத்தார்கள்.

அக்கம்பக்கத்தாரின் பயம் தனிக் கதை. குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும், நாயைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுங்கள் என்று வாசலுக்கே வந்து சொன்னார்கள். நாயிடமிருந்து மனிதருக்குத் தாராளமாகத் தொற்றுகிற பூஞ்சை வேறு, அது வட்டப்படை. சொறிப்பூச்சியும் மனிதரைக் கடித்து அரிப்பை உண்டாக்கும். மலசீசியா ஆரோக்கியமானவர்களுக்கு இப்படிப் பரவுவதில்லை. குறைமாதக் குழந்தைகளும் நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களும் உள்ள வீட்டில் கை கழுவுவதில் கவனமாக இருந்தால் போதும். எது ஒட்டும், எது ஒட்டாது என்று சொல்லக்கூடியதும் பரிசோதனைதான். அதைச் செய்யாததால் எத்தனை நாய்கள் சங்கிலி கழற்றப்பட்டுத் தெருவில் விடப்படுகின்றன என்று நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

கடைசியில் வேறொரு மருத்துவர் ஒட்டுநாடாவை எடுத்தார், பூஞ்சையைக் காட்டினார், மருந்தைத் தொடங்கினார், தோல் ஆறியதும் உணவு ஒவ்வாமை உண்டா என்று பார்த்துவிடலாம் என்றார். இங்கே தொடங்கியது அடுத்த போராட்டம். நாய்களுக்கு ஒவ்வாமை தரும் உணவுகளில் மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை ஆகியவையே முன்னணியில் நிற்கின்றன. இந்தப் பகுதியில் பெரும்பாலான நாய்கள் வளர்வதே கோழிக் கழுத்தும் ஈரலும் சோறும், கூடவே பாலும் கோதுமை பிஸ்கெட்டுமாகத்தான். எனவே ஜூலி வாழ்நாளில் தொடாத ஒரு புரதத்தை, எங்கள் விஷயத்தில் பன்றி இறைச்சியை, அதோடு வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை மட்டும், குறைந்தது 8 வாரம் கொடுக்க வேண்டும். வேறெதுவும் கூடாது. எலும்புத் துண்டு கூடாது, பாலாடை கூடாது, இறைச்சிச் சுவை ஏற்றிய உண்ணி மாத்திரைகூடக் கூடாது; அதற்குப் பதிலாக முதுகில் விடும் சொட்டு மருந்து.

உடனே வாட்ஸ்அப்பில் வந்த பாடங்களை ஒப்பிக்க ஆரம்பித்தார்கள். கிழங்கு கொடுக்காதே, சர்க்கரை பூஞ்சைக்குத் தீனி; சோற்றை நிறுத்து; தயிர் கொடு, எல்லாம் சரியாகிவிடும். ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் பூஞ்சைக்குத்தான் சர்க்கரை வேண்டும். மலசீசியாவுக்குக் கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரிக்கும் திறன் கிடையாது; தோலின் மேல் படிந்திருக்கும் எண்ணெய்ப் பசையை உடைத்து உண்டு வாழ்கிறது. சோற்றை நிறுத்துவதால் அது பட்டினி கிடக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. தயிரோ, பால் ஒவ்வாமை உள்ள நாய்க்கு நேரடியான தீங்கு. தோலின் காப்பு மேம்பட மீனெண்ணெய் ஓரளவு துணை செய்யும்; அதையும் இந்தச் சோதனைக் காலம் முடிந்த பிறகு மருத்துவர் சொல்லும் அளவில்தான் கொடுக்க முடியும். உணவை மாற்றுவது ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கத்தானே தவிர, பூஞ்சையைப் பட்டினி போட்டுக் கொல்ல அல்ல. இதை எத்தனை பேரிடம்தான் எடுத்துச் சொல்வது?

சொல்லியும் கேட்கிறார்களா? 'ஒரே ஒரு பிஸ்கெட்தானேப்பா, வாயில்லா ஜீவன், பாவம்' என்று மேல்மாடி அம்மா நீட்டுகிறார். ஊரிலிருந்து வந்த பெரியப்பா, தாம் சாப்பிட்ட கோழி எலும்பை மேசைக்கடியில் போடுகிறார். அந்த ஒரு துண்டு போதும், அதுவரை காத்த வாரங்கள் வீணாவதற்கு. அதன்பின் அவள் சொறிந்தால், அது எலும்பினாலா, இன்னும் ஆறாத தொற்றினாலா என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பாவம் என்று சொல்கிறவர்கள் யாரும் இரவு இரண்டு மணிக்கு அவள் சுவரில் முதுகைத் தேய்த்து இரத்தம் வரச் சொறிவதைப் பார்த்ததில்லை. உண்மையான இரக்கம் இருந்தால், கையை மடக்கிக்கொண்டு அவளைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

இப்போது தோல் தெளிந்து, கருமை குறைந்து, வாடை போய்விட்டது. ஆனால் வேலை முடியவில்லை. 8 வாரம் நிறைந்ததும் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, இரண்டு வாரத்துக்குள் அரிப்பு வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். வந்தால்தான் உணவே காரணம் என்று உறுதியாகும், வராவிட்டால் காற்றிலும் தூசியிலும் உள்ள வேறு காரணத்தைத் தேட வேண்டும். வீட்டிலேயே, 'நன்றாகத்தானே இருக்கிறாள், எதற்கு வீண் சோதனை' என்ற பேச்சு எழுந்துவிட்டது. காரணம் தெரியாமல் விட்டால் அடுத்த ஐப்பசியில் மறுபடியும் அந்த ஊசிக்கே போய் நிற்போம். அந்தச் சோதனை முடியும் வரை எங்கள் வாசலுக்குப் பிஸ்கெட் பொட்டலத்தோடு வருகிறவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், அதை முதலில் என் கையில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகே உள்ளே விடுவேன்.