பழக்கத்தைச் சுமப்பது யார்?

"மக்களுக்கு அக்கறை இல்லை" என்பதுதான் சுற்றுச்சூழல் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வந்து விழுகிற தீர்ப்பு. அலுவலகத்திலும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் இங்கே முகநூலிலும் அதையே கேட்கிறேன். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கான தடை தமிழ்நாட்டில் 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. 2022 ஜூலை 1 முதல் குறிப்பிட்ட சில ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்களுக்கு நாடு முழுவதற்குமான தடையும் வந்தது. பிளாஸ்டிக் கெடுதல் என்று தெரியாத ஒருவரை இன்று இந்த மாநிலத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அதைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்குகிறார்கள். இவ்வளவு தெரிந்தும் கைப்பழக்கம் மாறவில்லை என்றால், இன்னொரு விழிப்புணர்வுப் பேரணி நடத்துவதற்கு முன்னால், அந்தப் பழக்கம் எந்த இடத்தில் தட்டி நிற்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

மாலை ஆறரை மணிக்கு ஒரு காய்கறிக் கடை முன்னால் சிறிது நேரம் நின்று பாருங்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டியவர்கள். காலையில் கிளம்பும்போது காய் வாங்கும் எண்ணமே அவர்களுக்கு இருந்திருக்காது. "வரும்போது தக்காளியும் கொத்தமல்லியும் வாங்கிட்டு வந்துடுங்க" என்று நடுவில் வந்த போன்தான் அவர்களை அங்கே நிறுத்தியிருக்கிறது. கடைக்காரர் தலைக்கு மேல் கொக்கியில் தொங்கும் கட்டிலிருந்து ஒரு மெல்லிய பையை உருவி, விரலால் தேய்த்து வாயைப் பிரித்து, தராசுத் தட்டை அதற்குள் கவிழ்த்துவிடுகிறார். வேண்டாம் என்று சொல்ல நினைப்பவர் வாயைத் திறப்பதற்குள் தக்காளி உள்ளே போய்விடுகிறது. அதே மனிதரின் வீட்டில், கதவுக்குப் பின்னால் ஆணியில், கல்யாண வீடுகளிலிருந்து வந்த தாம்பூலப் பைகள் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். (அவற்றில் கணிசமானவை துணிபோலத் தோன்றினாலும் பிளாஸ்டிக் இழையால் ஆனவை, அவையும் அந்த 14 வகைத் தடைக்குள் வருபவையே.) வண்டியிலேயே ஒரு துணிப்பையை மடித்து வைத்திருப்பவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். அவர்களும் வீட்டில் காயைக் கொட்டிவிட்டுப் பையைத் திரும்ப வண்டியில் வைக்க மறந்தால், மறுநாள் பழைய கதைதான்.

கடைக்காரரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பை இல்லை என்றால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற அவருடைய அச்சம் உண்மையானது. 2019-ன் தொடக்க மாதங்களில் ஏறக்குறைய எல்லாக் கடைகளும் ஒருசேரப் பை தருவதை நிறுத்தியபோது, முணுமுணுத்துக்கொண்டாவது மக்கள் பையோடுதான் வந்தார்கள். சோதனை தளர்ந்து, ஏதோ ஒரு கடையில் மறைவாகத் தரத் தொடங்கிய பிறகுதான் மற்றவர்களும் வேறு வழியில்லாமல் அதே பாதைக்குத் திரும்பினார்கள். சில மாதங்கள் நன்றாகவே நடந்த ஒரு பழக்கம், அதைத் தாங்கிய ஏற்பாடு விலகியதும் சரிந்தது. அந்தச் சில மாதங்களில் நம் மக்களின் மனசாட்சி கூடிக் குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

நம் பாட்டிமார் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள் என்று பெருமிதத்தோடு எழுதப்படும் பதிவுகளைப் பார்க்கிறேன். அந்த வாழ்க்கையின் மேல் எனக்கும் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அவர்கள் பூமியைக் காக்கும் எண்ணத்தில் தூக்குவாளியோடு எண்ணெய்க் கடைக்குப் போகவில்லை. செக்கு எண்ணெயை அளந்துதான் ஊற்றுவார்கள். பாத்திரம் கொண்டுபோகாவிட்டால் எண்ணெய் கிடையாது. மளிகைக்காரர் பருப்பைப் பழைய செய்தித்தாளில் மடித்துச் சணல் நூலைச் சுற்றித் தந்தார். கறிக்கடையில் இலை இருந்தது, பூக்காரம்மாவிடம் வாழையிலைத் துண்டும் நாரும் இருந்தன. சோடா குடித்தவர் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டுத்தான் நகர முடியும். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் அதற்கு முன்பணம் வைக்க வேண்டும். கடை நடக்கும் தூரத்தில் இருந்தது, கடைக்காரருக்குக் குடும்பத்தையே தெரியும், கழுவிக் கவிழ்க்க வீட்டில் எந்நேரமும் ஒரு பெண் இருந்தார். பொருள் வந்து சேரும் வழி முழுவதும் அதற்கேற்ப அமைந்திருந்தது. வழியை முழுக்க மாற்றிவிட்டு, பழக்கத்தை மட்டும் தனி மனிதர் ஒருவரின் மன உறுதியால் தாங்கிப் பிடிக்கச் சொல்கிறோம்.

அந்த வழி மாறிய வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறை கடலூரிலிருந்து பரவியது. அவ்வூர்த் தொழில்முனைவர் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்த அந்த எண்ணத்தை, 1980களில் வெல்வெட், சிக் ஆகிய ஷாம்புகள் கிராமத்துப் பெட்டிக்கடை வரை கொண்டு சேர்த்தன. பாட்டில் வாங்கக் கையில் மொத்தமாகப் பணம் இல்லாத கூலிக் குடும்பத்துப் பெண்ணுக்கும், சில்லறைக் காசில் ஒரு நல்ல பொருள் கிடைத்தது. அது சமூகத்தில் நிகழ்ந்த நல்ல மாற்றம் என்றுதான் நான் கருதுகிறேன். ஆனால் அந்தப் பாக்கெட் பல அடுக்குகள் ஒட்டிய உறை. பிரித்தெடுத்து உருக்குவது கடினம். பழைய சாமான் கடைக்காரர் தொடமாட்டார். குளத்துப் படித்துறையில் ஒட்டிக் கிடக்கும் அந்தத் துண்டுகளைப் பார்த்து ‘பொறுப்பில்லாத சனம்’ என்று சொல்வது எளிது. தினக்கூலி வாங்குகிறவர் அன்றைய தேவையை அன்றைக்குத்தான் வாங்க முடியும். பெரிய பாட்டில் வாங்கினால் மிச்சம், மாதச் சாமானை மொத்தமாக வாங்கினால் குப்பை குறைவு என்ற அறிவுரையெல்லாம் மாதச் சம்பளக்காரர்களுக்குப் பொருந்துபவை.

இதில் மிகக் குறைவாகப் பேசப்படுவது வீட்டுக்குள் கூடும் வேலை. ஓட்டலில் சாம்பார் வாங்க எவர்சில்வர் கேரியரைக் கொண்டுபோவது நல்ல பழக்கம், சந்தேகமே இல்லை. தடை வந்த புதிதில் பாத்திரம் கொண்டு வருவோருக்குத் தள்ளுபடி தருவதாகச் சில உணவகங்கள் அறிவிக்கவும் செய்தன. ஆனால் அந்தக் கேரியரின் மூடி இடுக்கில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கை இரவு பத்து மணிக்குத் தேய்ப்பவர் யார்? மக்கும் குப்பை, மக்காத குப்பை, சானிட்டரி கழிவு என்று பிரித்து, பால் கவரைக் கழுவி, சமையலறைக் குழாய்க்கு மேல் குத்திக் காயவைத்து, துணிப்பைகளைத் துவைத்து மடித்து, குழந்தையின் பள்ளித் தண்ணீர் பாட்டிலை பிரஷ் விட்டுக் கழுவி வைப்பவர் யார்? பெரும்பாலான வீடுகளில் ஒரே ஆள்தான், அவர் பெரும்பாலும் வெளியிலும் வேலைக்குப் போகிற பெண். கணவர் சுற்றுச்சூழல் ஆர்வலராக இருப்பார். அந்த ஆர்வத்தின் உழைப்பு மனைவியின் கணக்கில் ஏறும். ஓய்வு கேட்டு பார்சல் வாங்கிய நாளில்கூடப் பாத்திரம் விளக்க வேண்டும் என்றால், அந்தப் பெண் பிளாஸ்டிக் கவரை வாங்கிவரச் சொல்வதை நான் ஒருபோதும் அலட்சியம் என்று சொல்லமாட்டேன். வீட்டில் ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் இந்த வேலையில் பங்கெடுக்காதவரை, பசுமைப் பழக்கம் என்று நாம் பாராட்டுவது இன்னொருவருடைய முதுகில் ஏற்றிய மூட்டைதான்.

இவ்வளவையும் செய்து முடித்தவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதும் இருக்கிறது. 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டிலேயே குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டன. எங்கள் தெருவில் பல வீடுகள் அதை ஒழுங்காகச் செய்தன. ஒருநாள் காலை குப்பை வண்டி வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். பச்சை வாளியும் நீல வாளியும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தொட்டிக்குள் கவிழ்ந்தன. கேட்டதற்கு, தொட்டியை இரண்டாகப் பிரிக்கும் தடுப்பு உடைந்து மாதக்கணக்காகிறது என்றார் அந்தத் தூய்மைப் பணியாளர். அவர் கையில் உறைகூட இல்லை, அவரிடம் கோபப்பட என்ன இருக்கிறது? எதிர்வீட்டு அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அடுத்த வாரத்திலிருந்து அவர் வீட்டில் ஒரே வாளிதான் வெளியே வந்தது. அவர் சோம்பேறி அல்ல. தன் உழைப்பு வீணாவதைக் கண்ணால் பார்த்தவர். இழந்த அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற, தடுப்பைச் சரிசெய்வதோடு பல மாதங்கள் ஒழுங்காக நடந்தும் காட்ட வேண்டியிருக்கும்.

நேர்மாறான ஓர் அனுபவமும் இந்த மாநிலத்திலேயே கிடைத்திருக்கிறது. மலைப் பகுதிகளில் வீசப்படும் காலி மதுபாட்டில்களின் உடைந்த கண்ணாடி யானைகளின் காலைக் கிழிப்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்து, அதன் வழிகாட்டுதலின்பேரில் 2022 மே மாதம் நீலகிரி மாவட்டத்தில் டாஸ்மாக் கடைகள் ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கின. விற்ற பாட்டில்களில் மிகப் பெரும்பான்மை திரும்பி வந்தது. பிறகு திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. குடித்தவர் எறிந்துவிட்டுப் போனாலும், பொறுக்கிவந்து கொடுக்க வேறொருவருக்கு அந்தப் பத்து ரூபாய் போதுமானதாக இருந்தது. அங்கே யாரும் யானையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. மது அருந்துபவர்கள்தான் இந்த நாட்டின் தலைசிறந்த சூழல் காவலர்கள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். ஆனாலும் அவர்கள் வாங்கிய பாட்டில் திரும்பி வருகிறது, நாம் வாங்கும் தண்ணீர் பாட்டில் சாலையோரம் கிடக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை உட்கார்ந்து யோசித்தால், பத்துப் பேரணிகள் சொல்லாததை அது சொல்லிவிடும். பாட்டில்களை வாங்கி, எண்ணி, ஸ்டிக்கரைச் சரிபார்த்து, அடுக்கி வைக்கும் வேலை முழுக்கத் தங்கள் தலையில் விழுகிறது என்று கடைப் பணியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் குறை நியாயமானது. வேலை கூடினால் ஆளும் இடமும் கூலியும் கூட வேண்டும்.

மழைநீர் சேகரிப்பும் ஏறக்குறைய இதே பாடம்தான். 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, கெடு வைத்ததால் ஊரே தொட்டி தோண்டியது. தோண்டிய தொட்டியை ஆண்டுதோறும் தூர் வாரி, மணலும் கல்லும் மாற்றுவது யார் பொறுப்பு என்று எவரும் வகுக்கவில்லை. 2019 கோடையில் சென்னை வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோதுதான் பலர் தங்கள் வீட்டுத் தொட்டி எங்கே இருக்கிறது என்று தேடினார்கள்.

மதிப்பு, மரியாதை என்ற தடையையும் நான் சிறிதாக எண்ணவில்லை. மஞ்சப்பையோடு பேருந்து இறங்கியவரைப் பார்த்துச் சிரித்த தலைமுறை நம்முடையது. இன்று அதே பையை அமைச்சர்கள் மேடையில் தூக்கிக் காட்டுவது எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தருகிறது. ஆனால் கல்யாணப் பந்திக்குப் போய்ப் பாருங்கள். வாழையிலை, அதன் ஓரத்தில் குட்டித் தண்ணீர் பாட்டில். பாதி குடித்து மூடிய பாட்டில்கள் எச்சில் இலையோடு சுருட்டப்பட்டுப் போகின்றன. கூஜாவும் டம்ளரும் வைத்தால் ‘செலவுக்கு அஞ்சினார்கள்’ என்று சம்பந்தி வீட்டார் பேசிவிடுவார்களோ என்று பெண்ணைப் பெற்றவர் பயப்படுகிறார். அவருக்கு பிளாஸ்டிக்கின் தீமையை விளக்கிப் பயனில்லை. ஊரில் பெரிய வீட்டுக் கல்யாணங்கள் இரண்டு மூன்றில் டம்ளர் திரும்பினால் அந்தப் பயம் தானாகப் போகும். முதலில் மாறும் பொறுப்பு வசதி உள்ளவர்களுக்குத்தான் அதிகம், ஏனென்றால் அவர்களை யாரும் கஞ்சன் என்று சொல்லப்போவதில்லை.

யாரும் சொல்லாமலேயே பல ஆண்டுகளாக நிலைத்த ஒரு நல்ல பழக்கம் நம் வீடுகளில் உண்டு: பால் கவரைக் கழுவிச் சேர்த்து எடைக்குப் போடுவது. அதை வாங்கிக்கொள்ள வாசலுக்கே ஒருவர் வந்தார், காசு கொடுத்தார், அது வீட்டுப் பெண்ணின் கையில் தங்கியது. பழைய பேப்பர்காரர் வருவது அரிதாகி, கிடைக்கும் காசும் பொருட்டில்லாமல் போனதும் அந்தப் பழக்கமும் தேய்கிறது. பால் போடுகிறவர் தினமும் விடியற்காலையில் நம் வாசலுக்கு வருகிறார். போகும்போது வெறும் கையோடு போகிறார். கழுவிய கவரை அவரே திரும்ப எடுத்துக்கொள்ளவும், அதற்கு அவருக்கும் நமக்கும் ஒரு தொகை கிடைக்கவும் பால் நிறுவனங்கள் ஏற்பாடு செய்ய முடியும். வருகிற சங்கக் கூட்டத்தில் குப்பை பிரிக்காத வீட்டுக்கு அபராதம் என்ற தீர்மானம் வருகிறது. அதை எதிர்த்துப் பேசப்போகிறேன். அந்த அபராதத்துக்குப் பதிலாக, வாரம் ஒருநாள் மக்காத குப்பையை வீடுவீடாக எடைபோட்டு எடுத்துச்செல்லும் ஒருவருக்குச் சங்க நிதியிலிருந்து கௌரவமான சம்பளம் தர வேண்டும் என்றும், வண்டியின் உடைந்த தடுப்பைச் சரிசெய்யச் சொல்லிக் குடியிருப்பவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு மனுக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்பேன். எதிர்வீட்டு அம்மாவிடம் முதல் கையெழுத்தை வாங்கலாம் என்றிருக்கிறேன்.